புகை ஒத்துக்கொண்ட உடம்பு

கல்மலைத் தோட்டத்துப் புகைவீடு எரிந்த அன்று அழாமல் நின்றவள் பஞ்சாலை ஒருத்திதான்.

ரந்தாவிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் பாதையின் கடைசியில் இருந்தது அந்தத் தோட்டம். மலாயாவில் வெள்ளைக்கார அரசாங்கம் அவசரகாலம் அறிவித்து மூன்றாம் வருடம். காட்டுக்குள்ளிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் பட்டப்பகலில் காவல்காரனை மரத்தில் கட்டிப்போட்டு, மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டுகள் உருகி எரிந்ததில் வானமே கறுத்துவிட்டது. அங்கே வேலை செய்த பெண்கள் பிழைப்புப் போயிற்றே என்று வயிற்றில் அடித்துக்கொண்டார்கள். பஞ்சாலை இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒழிஞ்சது சனியன்” என்றாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் முருகையா சட்டென்று அவள் வாயைப் பொத்தினான். எரிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதாக ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், சிரம்பான் லாக்கப்பில் களி தின்ன வேண்டியதுதான். கப்பலேற்றி ஊருக்கே அனுப்பிவிடவும் செய்வார்கள். பஞ்சாலைக்கு ஊர் என்று வேறொன்று தெரியாது. இதே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் அவள்.

சிறுமியாக இருந்தபோதே அவளைப் புகைவீட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள். மரத்திலிருந்து எடுத்த பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, மூங்கில் கழிகளில் துணி உலர்த்துவது போல அடுக்கடுக்காகத் தொங்கவிடுவார்கள். கீழே ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும். வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு வரும்வரை பெண்கள் உள்ளே போய்ப் புரட்டிப் போட வேண்டும். பெரிய உடம்பு அந்த அடுக்குகளுக்கு நடுவே நுழையாது. ஒல்லிக்குச்சியாக இருந்த பஞ்சாலை நுழைந்தாள். நுழைந்தவள் கல்யாணம் ஆகி, முப்பதும் தாண்டிய பிறகும் வெளியே வரவில்லை.

அவளைப் பற்றித் தோட்டத்தில் ஒரு பெருமை இருந்தது. புதிதாக வருகிறவர்கள் புகைவீட்டில் ஒரு வாரம் தாக்குப் பிடிக்க மாட்டார்கள், குடலே வெளியே வருவது போல இருமிக்கொண்டு ஓடுவார்கள். பஞ்சாலைக்கு இருமலே கிடையாது. “அவளுக்குப் புகை ஒத்துக்கிட்ட உடம்பு” என்று வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ஆறுமுகம் புதிதாக வரும் துரைகளிடமெல்லாம் சொல்லுவார். பரிசு வாங்கிய மாட்டைக் காட்டுகிற மாதிரி அவளைக் காட்டுவார் என்று பஞ்சாலையே சிரித்துக்கொள்வாள்.

புகைவீடு போன பிறகு அங்கிருந்த பெண்களை மரத்தில் பால் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். பஞ்சாலைக்குக் கிடைத்தது காட்டோரத்து மரவரிசை, தோட்டத்துப் பேச்சில் நிரை. யாருக்கும் வேண்டாத இடம், ஆனால் அவளுக்குச் சொர்க்கம். விடிகிற நேரத்துக் குளிர்க்காற்றை வாயைத் திறந்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். காற்றுக்கு ருசி உண்டு என்பது இத்தனை வயதுக்கு மேல்தான் தெரிந்தது என்று முருகையாவிடம் சொன்னாள்.

இரண்டாவது வாரம் இருமல் ஆரம்பித்தது.

சும்மா தொண்டையைச் செருமுகிற இருமல் இல்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கண்ணில் நீர் முட்ட, அடிவயிற்றிலிருந்து இருமினாள். வந்து விழுந்த சளி கன்னங்கரேல் என்று இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அல்ல, தினமும். காலையில் வெட்டப் போகும்போது தொடங்கினால் பால் சேர்த்து முடிக்கும்வரை விடாது.

தோட்டம் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டது. புகை ஒத்துக்கொண்ட உடம்பிலிருந்து புகையைப் பிடுங்கினால் இப்படித்தான் ஆகும், உடம்பு புகையைக் கேட்கிறது என்றார்கள். கள் குடித்தவனுக்குக் கள் கிடைக்காவிட்டால் கை நடுங்குவதில்லையா என்று ஒருவர் நியாயமும் சொன்னார். முருகையாவும் அதை நம்பினான். ஒரு மாலை அடுப்பைக் காட்டி, கொஞ்ச நேரம் அதற்கு நேராக உட்கார்ந்து பாரேன் என்று கெஞ்சினான். பஞ்சாலை உட்கார்ந்தாள். ஈர விறகின் புகையை நெஞ்சு நிறைய இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் இருமல் நின்றுவிட்டது. அன்று ராத்திரி முழுக்க நிம்மதியாகத் தூங்கினாள்.

அவளைப் பயமுறுத்தியது அதுதான். தோட்டம் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். புகை உண்மையிலேயே இருமலை நிறுத்தியது. ஆனால் விடிந்து எழுந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ கனத்துக் கிடந்தது. அவளுக்குச் செல்லத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

செல்லம் புகைவீட்டில் அவளுடைய ஜோடி. மூங்கில் கழியின் ஒரு முனையைப் பஞ்சாலை பிடித்தால் மறு முனையைச் செல்லம் பிடிப்பாள். அவளுக்கும் இருமல் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் செல்லத்துக்குக் காய்ச்சல் கண்டது. பார்க்க வந்தவர்களெல்லாம், நல்லவேளை இருமல் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தலையை மடியில் வைத்திருந்த பஞ்சாலைக்கு மட்டும் அந்த நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம் கேட்டது. உள்ளே எவ்வளவோ நிறைந்துகொண்டிருந்தது, எதுவும் மேலே வரவில்லை. செல்லம் ஒரு தடவைகூட இருமாமல் செத்துப் போனாள். பஞ்சாலை அதை யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை.

மறுநாள் அவள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் இல்லாத குறைக்கு வைத்தியம் பார்க்கும் டிரசராக இருந்த சிவசிதம்பரம் யாழ்ப்பாணத்துக்காரன், பஞ்சாலையைவிட இளையவன். சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்து, மலேரியாக் கிருமி பார்க்க ஒரு பழைய நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தான். அவளுடைய சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, நெடுநேரம் பார்த்தான். பல நாள் எடுத்துப் பார்த்தும் காசநோய்க் கிருமி இல்லை. நிறையக் கரி மட்டும் இருந்தது. காசம் இல்லை என்பதில் சந்தோஷப்பட்டு, திரும்பப் புகைவீட்டு வேலைக்கே போனால் சுகமாகிவிடும் என்று அவனும் சொன்னான். தோட்டம் முழுக்கச் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்ததே.

“அப்ப செல்லம் ஏன் ஐயா இருமல?” என்று கேட்டாள் பஞ்சாலை. “எனக்கு வெளிய வருது, இருமுறேன். அவளுக்கு உள்ளயே கெடந்துச்சு. புகை இருமல நிறுத்துதா, இல்ல வெளிய தள்ளுற எதையோ நிறுத்துதா?”

சிவசிதம்பரம் நுண்ணோக்கியை ஒதுக்கி வைத்தான். அவளை மூன்று நாள் கழித்து வரச் சொன்னான்; வரும்போது புகைவீட்டில் தலையில் கட்டியிருந்த பழைய துணி இருந்தால் கொண்டுவரச் சொன்னான். அவள் போனபோது மேஜைமேல் ஒரு பலகையில் தவளை ஒன்று மல்லாந்து கிடந்தது. கீழ்த்தாடையை வெட்டி எடுத்துவிட்டிருந்தான். நெற்றி நிறைய விபூதி பூசிய சைவக்காரன் தவளை அறுத்திருப்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. தவளையின் மேல்வாயை உப்புத் தண்ணீரால் நனைத்து, உதட்டருகே கடுகளவு கரித்தூளை வைத்தான்.

கரி நகர்ந்தது. யாரும் தொடாமல், யாரும் ஊதாமல், வாயின் முன்பக்கத்திலிருந்து தொண்டையை நோக்கித் தானாக ஊர்ந்து போயிற்று. பஞ்சாலை குனிந்து பார்த்தாள்.

“செத்ததுதானே ஐயா இது?”

“தவளை செத்துப்போச்சு. இந்தத் தோல் இன்னும் சாகேல்லை” என்றான் சிவசிதம்பரம். “கண்ணுக்குத் தெரியாத மயிர் நிண்டு துடிச்சுக்கொண்டிருக்குது. எங்கட நெஞ்சுக் குழாய்க்குள்ளையும் இதே மயிர்தான். தூசியை மேல தள்ளுறது அதின்ரை வேலை.”

பிறகு புகை ஏறிய அவளுடைய பழைய துணியை ஊறவைத்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துத் தவளையின் மேல்வாயில் விட்டான். மஞ்சள் கலந்த பழுப்புத் தண்ணீர். புதிதாக வைத்த கரி கொஞ்சம் நகர்ந்து, தயங்கி, நின்றுவிட்டது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவன் உப்புத் தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவினான். வெகுநேரம் கழித்து, அவர்கள் நம்பிக்கை இழந்த பிறகு, கரி மெல்ல அசையத் தொடங்கியது.

புகையில் மயங்கிய மயிர் என்றால் கழுவினால் எழுந்துவிடும் என்று அவன் விளக்கினான். ஆனால் இத்தனை வருடப் புகையில் அவளுக்கு மயிரே விழுந்து போயிருக்கலாம். விழுந்தது திரும்ப முளைக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னான். காய்ச்சலில் விழுந்த மயிர் சில வாரங்களில் முளைத்ததாக எங்கோ படித்தது போல ஞாபகம், இருபது வருடப் புகைக்கு என்ன ஆகும் என்று எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை என்றான்.

“அப்ப நான் பாத்துச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் பஞ்சாலை எழுந்தாள். இனி செத்தாலும் புகைக்குள் போவதில்லை என்று அவள் முடிவு கட்டியது அந்த மேஜைக்கு முன்னால்தான்.

அந்த மாதம் தோட்டத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து, காட்டுக்காரர்களுக்குச் சோறு போகாதபடி எல்லாரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலிக்குள் ஒன்றாகக் குடிவைக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு. பழைய லயத்துப் பலகைகளையே கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, அதே பலகையால் புது லயம் கட்டினார்கள். ஒரு பக்கம் கழற்றுகிற சத்தம், ஒரு பக்கம் ஆணி அடிக்கிற சத்தம்.

பஞ்சாலையின் நெஞ்சுக்குள்ளும் ஏறக்குறைய அதுதான் நடந்துகொண்டிருந்தது. டிரசருக்கு அன்று தெரியாததில் கொஞ்சம் இன்று நமக்குத் தெரியும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்கள் பலவற்றின் தலையிலும் இருநூறு போல நுண்மயிர்கள் நிற்கின்றன. இந்த மயிர் ஒரு தடவை முளைத்து அப்படியே இருந்துவிடுகிற பொருள் இல்லை. செல் தனக்குள் செய்த துண்டுகளை மயிரின் உள்வழியாகவே ஏற்றிக்கொண்டு போய் நுனியில் பொருத்துகிறது; நுனியில் கழன்றதைக் கீழே இறக்கிக்கொண்டு வருகிறது. கட்டுவது மிஞ்சினால் மயிர் வளரும், கழற்றுவது மிஞ்சினால் குறுகும், இரண்டும் சமமாகிற இடத்தில் நீளம் நிற்கும். அளவுகோல் பிடிக்க அங்கே மேஸ்திரி யாரும் கிடையாது. உடம்பின் வேறு சில செல்கள் இரண்டாகப் பிரிய வேண்டிய நேரம் வந்தால் தம் மயிரைத் தாமே கழற்றி வைத்துவிட்டு, பிரிந்து முடித்த பிறகு மறுபடி கட்டிக்கொள்வதும் உண்டு. புகை நாள் தவறாமல் பட்டால் இந்த ஒழுங்கு கெடுகிறது. கட்டும் வேலை மந்தமாகி, கழற்றும் வேலை ஓங்கி, செல் தன் மயிருக்கான துண்டுகளைத் தானே தின்று செரித்துவிடுகிறது. மயிர் குட்டையாகி, இடையிடையே மொட்டையும் விழும். புகை நின்றால் அடியிலிருந்து புதுச் செல்கள் எழுந்து மறுபடி கட்ட ஆரம்பிக்கும். அரைகுறையாக முளைத்த மயிர் தள்ளத் தொடங்கியதும், புகையில் மரத்துக் கிடந்த நெஞ்சுக்கும் உணர்ச்சி திரும்பும். அப்போது வருவதுதான் இருமல். வியாதி என்று தோட்டம் நினைத்ததுதான் நெஞ்சு வேலைக்குத் திரும்பிய சத்தம்.

ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் வினையாகப் போயிற்று. காட்டோரத்து நிரைக்கு மேலே ஒரு காவல் மேடை. அதில் யூசோப் என்ற மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள் துப்பாக்கியோடு நிற்பான். காவல் மாறும்போது ஆபீசுக்கு வந்து கண்டது கேட்டதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கேட்டுக்கொள்கிறவர் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி ராமகிருஷ்ணன். இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய ஈரம் காயாதவர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், மலாயில் சோறு தண்ணி கேட்கிற அளவுதான். துரைக்கோ மலாய் சுத்தமாகத் தெரியாது, தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் வரும். காட்டோரத்தில் போன ஜீப்பை மறைந்திருந்து சுட்ட வாரம் அது. அந்தப் பக்கம் என்ன விசேஷம் என்று கிராணி கேட்டிருக்கிறார். விசேஷம் ஒன்றுமில்லை, அந்தத் தமிழ்ப் பெண் தினமும் காலையில் காட்டுப் பக்கம் திரும்பிப் ‘பாத்துக்’ என்று யூசோப் சொல்லியிருக்கிறான். காட்டைப் பார்த்து ஒருத்தி தினமும் ‘பாத்துக்க’ என்று கத்துகிறாள் என்று கிராணி துரையிடம் போய் ஒப்பித்துவிட்டார்.

பஞ்சாலையை ஆபீசுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். துரை, போலீஸ் சார்ஜெண்ட், கிராணி, மண்டோர் ஆறுமுகம், ஒரு ஓரமாக டிரசர். முருகையா வாசலில் நின்று வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். யாருக்கு எச்சரிக்கை கொடுக்கிறாய் என்று துரை தன் தமிழில் கேட்டார். பஞ்சாலைக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. யாரையும் கூப்பிடவில்லை என்றாள். கேட்ட சாட்சி இருக்கிறது என்றார் கிராணி. வாசலுக்கு வெளியே சிரம்பான் போகிற போலீஸ் வண்டி நிற்பதை அவள் பார்த்தாள். பயம் வந்தது. பயத்தோடேயே, சாட்சியை வரச் சொல்லுங்கள் என்றாள்.

யூசோப் வந்தான். இந்த மனுஷர்களின் வாய்ச்சொல்லை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குப் பட்டது. தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், நான் செய்ததை நீ சொல்ல வேண்டாம், செய்து காட்டு என்றாள். அவன் சார்ஜெண்டைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். யூசோப் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் மேஜையைப் பிடித்துக் குனிந்து, லொக்கு லொக்கு என்று இருமிக் காட்டினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, “பாத்துக்” என்றான்.

மலாயில் இருமலுக்கு அதுதான் பெயர்.

சார்ஜெண்ட் முதலில் சிரித்தார். ஒரு பெண்பிள்ளையின் இருமல் கிராணி காதில் எச்சரிக்கையாகி, துரை காதில் குற்றமாகி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஜெயிலாகியிருக்கும். ராமகிருஷ்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பஞ்சாலையும் சிரித்தாள், சிரிப்பே இருமலாக மாறி மேஜையைப் பிடித்துக்கொள்ள வைத்தது. இந்தத் தடவை யாரும் சாட்சி கேட்கவில்லை.

போலீஸ் வண்டி காலியாகப் போயிற்று. துரை மட்டும் விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை, நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். காட்டோரத்தில் இப்படி ஒரு சத்தம் ஆபத்து, பக்கத்து நிரைக்காரர்கள் காசநோய் என்று பயப்படுகிறார்கள், தீபாவளிக்கு முன்னால் புதுப் புகைவீடு தயாராகிவிடும், வேலை தெரிந்த கை வேண்டும், அவளுக்கும் இருமல் நின்றுவிடும். மண்டோர் ஆறுமுகம் அதற்குப் பலமாகத் தலையாட்டினார்.

“புகைவீட்டிலே நீ இருமினது இல்லை” என்றார் துரை.

“செல்லமும் இருமல துரை” என்றாள் பஞ்சாலை. “கம்பி ஓரத்து நிரைய எனக்குக் குடுங்க. போலீஸ்காரங்க பக்கத்துலயே நின்னு கேக்கட்டும். புதுப் புகைவீட்டுல தீ மூட்டுற அன்னிக்கு வரைக்கும் விடுங்க. அன்னிக்கும் நான் இருமுனா, நானே உள்ள போறேன்.”

டிரசர் அப்போது வாயைத் திறந்தான். காசம் இல்லை என்று எழுதித் தரத் தயார், இருமல் நிற்கும் என்று மட்டும் எழுதித் தர முடியாது என்றான். துரை சரி என்றார்.

முள்கம்பி வேலி ஓரத்து நிரை கல்லும் சரிவுமாக, கிழட்டு மரங்கள் நிறைந்த இடம். பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். யூசோப்பை அங்கே இருந்த மேடைக்கு மாற்றினார்கள், அவளுடைய இருமல் அவனுக்குத்தானே பழக்கம். அவள் இருமுவாள், அவன் மேலே நின்று கேட்பான். தினமும் ஆபீசில் போய், இன்றும் இருமினாள் என்று சொல்லுவான். கிராணி அந்த வார்த்தையை இப்போது கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

தன்னால் முடிந்த மட்டும் புகையை அண்டவிடக் கூடாது என்று பஞ்சாலை வைராக்கியமாக இருந்தாள். வெற்றிலைக் கடைப் பக்கம் சுருட்டுப் பிடிக்கிறவர்கள் இருந்தால் சுற்றிக்கொண்டு போனாள். குப்பை எரித்தால் வீட்டை விட்டே வெளியேறினாள். அடுப்புதான் பெரிய பிரச்சினை. விறகு அடுப்பை ஊதாமல் எப்படிச் சோறு பொங்குவது? ஒரு மாலை அதில் சண்டை வந்தது. முருகையா கோபமாகத் தொடங்கினான், ஆனால் பாதியில் குரல் உடைந்துவிட்டது.

“போயிரு புள்ள உள்ள. நீ ஒவ்வொரு தடவ இருமுறப்பவும் உசுரு போயிருமோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

“வெளிய வர்ற வரைக்கும் நான் உசுரோட இருக்கேன்னு அர்த்தம்” என்றாள் அவள். “உள்ள போனாத்தான் சாவேன். நீங்க செல்லத்தப் பாக்கல, நான் பாத்தேன்.”

முருகையா எழுந்து போய் ஊதாங்குழலைக் கையில் எடுத்தான். அன்றிலிருந்து அவன்தான் சமையல். பெண்டாட்டி வாசலில் காற்று வாங்க, ஆம்பிளை அடுப்பு ஊதுகிறான் என்று லயமே கேலி பேசியது. அவன் சோற்றைக் குழைத்தான், குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டினான், கேலியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனை அவள் அதற்கு முன்பு அவ்வளவு நேசித்ததில்லை.

மாதங்கள் போயின. சளியின் கறுப்பு மெல்லச் சாம்பல் நிறமாயிற்று. இருமலுக்கும் இருமலுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. அந்தப் பக்கம் புகைவீட்டுச் சுவர் எழுந்து, கூரைத் தகரமும் ஏறிவிட்டது. இன்னும் இரண்டு வாரம்தான் என்று ஆறுமுகம் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளுக்கு நினைவூட்டிவிட்டுப் போனார்.

சரியாக அப்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டம் முழுக்கச் சளியும் தடுமலும். பஞ்சாலைக்கும் வந்தது, அதோடு பழைய இருமலும் முழுசாகத் திரும்பி வந்தது. விலா எலும்பு ஒடிந்துவிடும் போல வலித்தது. முளைத்த மயிர் அத்தனையும் திரும்ப விழுந்துவிட்டதா என்று டிரசரிடம் கேட்டாள். விழுந்திருக்கலாம், விழுந்தாலும் ஒரு தடவை கட்டத் தெரிந்துகொண்டது இன்னொரு தடவை கட்டாதா என்றான் அவன். அது மருந்து இல்லை, ஆறுதல். அவளுக்கும் தெரிந்தது. அன்று சாயங்காலம் முருகையா அடுப்பு ஊதிக்கொண்டிருந்த நேரம் அவள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள். நாலு மூச்சு இழுத்தால் போதும், வலி நின்றுவிடும், தீ மூட்டும் நாளன்று துரை முன்னால் இருமாமல் நின்று ஜெயித்தும் விடலாம். அந்த யோசனை வந்ததற்கே அவளுக்குத் தன் மேல் ஆத்திரம் வந்தது. யாரை ஏமாற்ற? மழையில் இறங்கி, தண்ணீர்க் குழாயடியில் நின்று, இருக்கிற மட்டும் இருமித் தீர்த்தாள்.

புதுப் புகைவீட்டுக்குப் பூஜை போட்ட அன்று மழை விட்டிருந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, துரை கையாலேயே முதல் விறகைப் போடவைத்தார்கள். பஞ்சாலை அங்கே போகவில்லை. வெட்டு வெட்டுத்தான் என்று தன் நிரையில் இருந்தாள். மரங்களுக்கு மேலே முதல் புகை எழும்பியது தெரிந்தது. பார்த்தால் மனசு கலையும் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு வெட்டினாள். ஒரு மரம், அடுத்த மரம், சரிவில் இறங்கி அதற்கும் அடுத்த மரம். கத்தி பட்டையில் வழுக்கிக்கொண்டு ஓடியது, பால் கோட்டில் இறங்கிக் கோப்பையில் விழுந்தது.

திடீரென்று மேலேயிருந்து யாரோ ஓடி வருகிற சத்தம். கல் உருண்டது, கிளை முறிந்தது. பஞ்சாலை திடுக்கிட்டு மரத்தின் பின்னால் ஒதுங்கினாள். தொப்பி இல்லாமல், துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யூசோப் சரிவில் பாய்ந்து வந்தான். அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். முகம் வெளிறிக் கிடந்தது. உயிரோடுதான் இருக்கிறாயா அக்கா என்று கேட்டான். விடிந்ததிலிருந்து உன் சத்தமே இல்லை, காட்டுக்காரர்கள் வந்து உன்னை வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன் என்றான்.

பஞ்சாலை யோசித்துப் பார்த்தாள். காலையில் எழுந்ததிலிருந்து, பேர் கொடுக்கப் பெரட்டில் நின்றதிலிருந்து, இத்தனை மரமும் வெட்டி முடித்ததுவரை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூச்சை இழுத்தாள். இன்னும் இழுத்தாள். அது தடையில்லாமல் அடிவரைக்கும் போயிற்று, எதிலும் மோதவில்லை, எதுவும் கலங்கவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவன்தான் ஓடி வந்த களைப்பில் மரத்தைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் குடித்து முடித்துவிட்டு, காவல் மாறப் போகிறது, ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டுமே, இன்றைக்கு என்ன சொல்வது என்று கேட்டான். நீ கேட்டதைச் சொல் என்றாள். நான் ஒன்றுமே கேட்கவில்லையே என்றான் அவன்.

“அதத்தான் சொல்லு” என்றாள் பஞ்சாலை.